செல்வத்துக்கு: பட்டி ரிச்சும் மேக்ஸ் ரோச்சும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது நாளிதழை அவரே படிக்கிறார். நீ அனுப்பிய பணம் தேவைப்படவில்லை; திருப்பி அனுப்பியதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. மாடி வீட்டு மாமா உன்னை விசாரித்தார். அந்த ஆம்பிளிஃபையர் விவகாரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

நலம் விசாரிப்பு இத்துடன் போதும். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மகன் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்திருப்பதையும், "உலகில் பட்டி ரிச் ஒருவர்தான் டிரம்மர், மற்றவரெல்லாம் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள்" என்று நீ அவனிடம் சொல்லிவைத்திருப்பதையும் எழுதியிருந்தாய். கல்லூரி நாள்களில் நீ இதையே சொன்னபோது அது நமக்குள் நடந்த வாக்குவாதம். டீக்கடையில் தொடங்கி டீக்கடையிலேயே முடிந்துவிடும். இப்போது பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை நாள்தோறும் சற்றுச் சற்றாக ஏற்றிவைத்து, மணிக்கட்டு வலிக்க வலிக்கத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று நீயே பெருமையாக எழுதுகிறாய். அதனால்தான் இம்முறை, ஜாஸ் டிரம்மர்களில் பட்டி ரிச்சைவிட மேக்ஸ் ரோச்சே பெரியவர் என்ற என் கட்சிக்காக நான் முழுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், மறுக்க முடியாதவற்றை நானே சொல்லிவிடுகிறேன். 1917இல் புரூக்ளினில் பிறந்து, நடை பழகிய வயதிலேயே பெற்றோரின் வாடவில் எனப்படும் பல்சுவை நிகழ்ச்சி மேடையில் டிரம் வாசித்த குழந்தை ரிச். முறையாக யாரிடமும் பயின்றதில்லை. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தன் பெரிய இசைக்குழுவுக்குப் புதிய உருப்படி ஒன்று வந்தால், வேறொரு டிரம்மரை வாசிக்கச் சொல்லி எதிரே அமர்ந்து கேட்டுவிட்டு, பிறகு அதை மனத்திலிருந்தே வாசித்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இடது கை முறிந்திருந்த காலத்திலும் ஒற்றைக் கையோடும் காலோடும் மேடையேறியவர். 1966இல் அவர் குழு பதிவு செய்த 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' தொகுப்பில், பத்து நிமிடத்தைத் தாண்டும் அந்த உருப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் பித்தளை வாத்தியங்கள் வந்து விழுவதற்கு முன்பே அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும் கையைக் கேட்டுவிட்டு, அதைச் சாதாரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஸ்னேர் டிரம்மில் அவருடைய உருட்டல் மெல்லிய முணுமுணுப்பில் தொடங்கி அரங்கம் அதிரும் அளவுக்கு ஏறி, ஒரு மணிகூடச் சிதறாமல் மறுபடியும் இறங்கி அடங்கும். கைகளைப் பற்றியதுதான் வழக்கு என்றால், தீர்ப்பு உன் பக்கம்.

ஆனால் நம் ஊரில் ஒரு மிருதங்க வித்வானை நாம் அப்படி மதிப்பிடுவதில்லையே! தனி ஆவர்த்தனத்தில் கைதட்டல் வாங்கியவரைப் பற்றிக்கூட, வெளியே வந்ததும் "பாட்டுக்கு எப்படி வாசித்தார்?" என்றுதானே கேட்போம்? இந்தக் கேள்வியை மிருதங்கத்துக்குக் கேட்கத் தெரிந்த நீ, டிரம்ஸ் என்று வந்தவுடன் தனியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது எனக்குப் புரியவே இல்லை.

அதே கேள்வியை ஜாஸிடம் கேட்பதற்கு, யாரோ நமக்காகவே ஏற்பாடு செய்ததுபோன்ற இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று, 1945 நவம்பர் 26 அன்று சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதிவு செய்த 'கோ கோ'. மற்றொன்று, 1950 ஜூனில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் பதிவு செய்து, பின்னர் 'பேர்ட் அண்டு டிஸ்' என்ற பெயரில் வெளிவந்த இசைத்தட்டு. இரண்டிலும் பார்க்கர் இருக்கிறார், டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பி இருக்கிறார், பேஸ் என்ற தாழ்சுரக் கம்பி வாத்தியத்தை வாசிப்பவரும் அதே கர்லி ரஸ்ஸல். முன்னதில் டிரம்ஸ் மேக்ஸ் ரோச். அப்போது அவருக்கு 21 வயது. பின்னதில் டிரம்ஸ் உன்னுடைய பட்டி ரிச்; பியானோவில் தெலோனியஸ் மங்க் வேறு அமர்ந்திருக்கிறார்.

'கோ கோ' நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 அடி என்ற வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் பார்க்கர் வளைந்து நெளிந்து போகும்போது, ரோச் வலக்கையால் ரைடு சிம்பல் என்ற பெரிய தாளத் தட்டில் ஒரு மெல்லிய இழையை அறுபடாமல் இழுத்துக்கொண்டே போகிறார். இடக்கையும் பேஸ் டிரம்மும் எப்போதாவது, பார்க்கர் மூச்செடுக்கும் இடத்தில் மட்டும், ஒரு சொல் சொல்லிவிட்டு விலகிக்கொள்கின்றன. இந்த முறைக்கு வித்திட்டவர் டிரம்மர் கென்னி கிளார்க். அவருக்கு முன்னால் டிரம்மர்கள் ஒவ்வோர் அடியையும் காலால் பேஸ் டிரம்மில் மிதித்துத் தாளம் காட்டினார்கள். நடனக் கூடத்துக்கு அது பொருத்தம். வேகம் கூடியபோது கால் தளர்ந்தது, பேஸ் வாத்தியத்தின் ஒலியும் அந்த இடியில் மூழ்கியது. ஆகவே கிளார்க், நியூயார்க்கின் ஹார்லெமில் மிண்டன்ஸ் என்ற இசை விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த நாள்களில், தாளத்தைக் காலிலிருந்து எடுத்துச் சிம்பலுக்கு ஏற்றினார். இடக்கையும் வலக்காலும் அன்றே விடுதலை பெற்றன. டிரம்மர் மற்றவர்களோடு உரையாடத் தொடங்கினார். அந்த உரையாடலுக்கு இலக்கணம் எழுதியவர் ரோச் என்பது என் துணிபு.

இப்போது 1950இன் பதிவில் 'லீப் ஃப்ராக்'கைக் கேள். ரிச் ஓரடிகூடத் தவறவில்லை. அவரால் தவறவும் முடியாது. ஆனால் பார்க்கரும் மங்க்கும் ஒரு மொழியில் பேசிக்கொண்டிருக்க, அவர் பத்தாண்டுகளுக்கு முந்தைய நடனக் குழுவின் மொழியில், மிகச் சிறப்பாக, வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். மங்க் ஒரு விசித்திரமான இடைவெளியை விட்டு வைக்கிறார். ரிச் அதை நிரப்பிவிடுகிறார். ரோச் இருந்திருந்தால் அந்த இடைவெளியை அப்படியே விட்டிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இசைத்தட்டை மீண்டும் எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, நான் சொல்வது பொய் என்றால் அப்படியே எழுது.

நீ அடுத்து எங்கே போவாய் என்பதும் எனக்குத் தெரியும்: 1959ஆம் ஆண்டின் 'ரிச் வெர்சஸ் ரோச்'. இரண்டு குழுக்கள், இரண்டு டிரம்மர்கள், நேருக்கு நேர். அதில் 'ஃபிகர் எய்ட்ஸ்' என்ற உருப்படியில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, இருவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள். அதில் வென்றவர் ரிச். இதை எழுத எனக்குத் தயக்கமே இல்லை. வேகம் ஏற ஏற அவர் கை இன்னும் தெளிவாகிறது. ரோச்சின் கை இறுகுகிறது. மல்யுத்தம் என்றால் ரோச்சின் முதுகு மண்ணைத் தொட்டுவிட்டது. ஆனால் அந்த இசைத்தட்டின் மற்ற உருப்படிகளில் ரோச் வாசித்த சிறு சிறு பகுதிகளை என்னால் வாயால் பாடிக் காட்ட முடிகிறது. ரிச் வாசித்தவற்றை வியக்கத்தான் முடிகிறது, பாட வரவில்லை.

அந்தப் போட்டிக்கு மறு ஆண்டு என்ன நடந்தது என்று பார். 1960 பிப்ரவரியில், ரோச் பிறந்த அதே வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடை ஒன்றில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் கறுப்பின மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். அவ்வாண்டே ரோச் 'வீ இன்சிஸ்ட்!' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதன் அட்டையில் அத்தகைய உணவு மேடையும் அங்கு அமர்ந்திருக்கும் மூன்று கறுப்பின ஆண்களும் இருக்கிறார்கள். அதில் பாடகி ஏபி லிங்கனின் குரலும் ரோச்சின் டிரம்ஸும் மட்டுமே வரும் ஒரு பகுதி உண்டு. வேறெந்த வாத்தியமும் இல்லை. அவர் முதலில் சொல்லற்ற குரலில் வேண்டுகிறார், பிறகு அலறுகிறார், பிறகு அடங்குகிறார். டிரம்ஸ் ஒவ்வொரு நிலையிலும் அவர் அருகில் நிற்கிறது. அந்த அலறலின்போது ரோச் வாசிப்பதை முதன்முறை கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு தோல் வாத்தியத்தால் இவ்வளவு சொல்ல முடியும் என்று காட்டியவரை, இன்னொருவர் நொடிக்கு நான்கு அடி கூடுதலாக அடிக்கிறார் என்பதற்காக நான் எப்படி இரண்டாம் இடத்தில் வைப்பேன், செல்வம்?

இதையும் சொல்லிவிடுகிறேன். 1966இல் வெளிவந்த 'டிரம்ஸ் அன்லிமிடெட்' இசைத்தட்டில் 'தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்' என்று ஒரு தனி வரும். கால்கள் இரண்டும் பேஸ் டிரம்மிலும் ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலிலும் மூன்றெண்ணிக்கையில் ஓர் எளிய சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. கைகள் அதன்மேல் ஒரு சொற்றொடரைச் சொல்லி, நிறுத்தி, அதையே சற்று மாற்றிச் சொல்கின்றன. உன் மகனின் வகுப்பில் ஆறு மாதம் பயின்ற பிள்ளைகள்கூட அந்தச் சுற்றை வாசித்துவிடுவார்கள். ஆனால் அதன்மேல் என்ன சொல்வது என்பதற்கு வாழ்நாள் போதாது. மற்றொரு தனியில் அவர் தன் முன்னோடி டிரம்மர் ஜோ ஜோன்ஸுக்கு வணக்கம் செலுத்துவதற்காக வெறும் ஹை-ஹாட்டை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு முழு உருப்படியையும் வாசிப்பார். ரிச்சிடம் இல்லாத துணிச்சல் அது.

எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் ஆகிய டிரம்மர்களை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்வதற்கு நிறைய உண்டு. சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன் குழுவில் எல்வின் எழுப்பிய அந்தச் சுழற்சியும், 17 வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்த டோனி தாளத்தை நெகிழ்த்திய விதமும் தனிக் கடிதத்துக்குரியவை. ஆனால் இருவருமே ரோச் திறந்துவிட்ட வழியில் நடந்தவர்கள். இதற்கு மறுப்பு சொல்ல விரும்பினால், ரிச் திறந்துவிட்ட வழியில் நடந்து புதிய இடம் ஒன்றை அடைந்த ஒரே ஒரு டிரம்மரின் பெயரைச் சொல். அவரைப் பார்த்து மலைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் கேட்பது அவர்களை அல்ல.

நியாயமாக, உன் கட்சிக்கு உதவும் சான்று ஒன்றையும் நான் மறைக்கக் கூடாது. 1968இல் ரிச்சும் தபேலா வித்வான் அல்லா ரக்காவும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு செய்தார்களே, நாம் கேசட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டது, அதில் ரிச் அடக்கத்தோடு இருக்கிறார். தபேலா சொல்வதற்குக் காது கொடுக்கிறார். 1955இல் பியானோ கலைஞர் ஆர்ட் டேட்டமோடும் வைப்ரஃபோன் கலைஞர் லயனல் ஹாம்ப்டனோடும் செய்த பதிவிலும் அப்படியே. அந்த ரிச்சைக் கேட்கும்போது எனக்கு ஓர் ஏக்கம் உண்டாகிறது: இவ்வளவு நல்ல காது உடைய மனிதர், தன் சொந்தக் குழுவில் ஏன் ஒவ்வோர் இரவும் வேகத்தை நிரூபித்துக்கொண்டே இருந்தார்? பேருந்தில் இளம் இசைக்கலைஞர்களை அவர் திட்டித் தீர்த்த ரகசிய ஒலிப்பதிவுகளை நான் இந்த வழக்கில் சேர்க்கவில்லை. சுபாவத்தை வைத்து இசையை அளப்பது முறையல்ல.

என் கவலையெல்லாம் உன் மகனைப் பற்றியது. வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையில் ரிச் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். பையன் அங்கே போய்ச் சேரமாட்டான். சேர்ந்தாலும் இரண்டாவதாகத்தான் சேர்வான். அந்தச் சலிப்பில், பதினெட்டு வயதில் குச்சிகளைப் பரணில் போட்டுவிடுவானோ என்று அஞ்சுகிறேன். நம் கூட்டத்தில் கிட்டார் வாசித்தவனுக்கு நேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி நான் மேலே எழுத விரும்பவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மெட்ரோனோமைச் சிறிது காலம் அலமாரியில் வை. முதலில் கவுண்ட் பேசியின் இசைக்குழு 1930களில் செய்த பதிவுகளை அவனுக்குப் போட்டுக் காட்டு. ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் குழு முழுவதையும் எப்படித் தூக்கிச் செல்கிறது என்று கேட்கட்டும். பிறகு 1954இல் ரோச் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனோடு தொடங்கிய ஐவர் குழு. அதில் டிரம்ஸ் வாசிப்பதை அவன் வாயால் பாடிக் காட்டும்வரை அடுத்ததற்குப் போகாதே. அதன் பின்னர் ரிச்சைக் கொடு. அப்போதுதான் ரிச்சின் பெருமையும் அவனுக்கு உள்ளபடி தெரியும்.

மணிக்கட்டு வலியை மட்டும் சாதாரணமாக எண்ணிவிடாதே. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டு. கோடை விடுமுறையில் அவனை இங்கே அனுப்பிவை. இசைத்தட்டுகள் எல்லாம் தூசி தட்டி வைத்திருக்கிறேன், மாடி வீட்டு மாமாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கேட்ட அந்த ஒரு பெயரை அடுத்த கடிதத்தில் எழுது. நேரம் எடுத்துக்கொள், ஆனால் எழுது.

அன்புடன்,
பாலு