திருகோணமலை, கோணேசர் மலையிலிருந்து மகளுக்கு

அன்பு மகள்,

நீ அனுப்பிய பைனாகுலர் எப்படி என்று மூன்று முறை போனில் கேட்டுவிட்டாய். மூன்று முறையும் "நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பிவிட்டேன். உண்மையில் முதல் இரண்டு கிழமையும் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. விலை கூடிய சாமான், கைபட்டுப் பழுதாகிவிடும் என்ற பயம். கடைசியில் அம்மாதான் ஏசினாள்: "அலுமாரிக்குள்ள வைக்கவோ பிள்ளை அனுப்பினது?" அன்றிலிருந்து விடியற்காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோணேசர் மலை ஏறுகிறேன். போனில் இதையெல்லாம் வடிவாகச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் கடிதம்.

அறுபது வருடமாக அந்த மலைக்குப் போய் வருகிறவன் நான். ஆனால் போனதெல்லாம் கோயிலுக்குத்தான். கும்பிட்டு, திருநீறு பூசி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவோம். கடல் பின்னால் ஒரு நீலச் சீலை மாதிரிக் கிடக்கும். யுத்தக் காலத்தில் அங்கே நின்று கடலைப் பார்க்கிற துணிவும் யாருக்கும் இல்லை. கையில் பைனாகுலரும் இருந்திருந்தால் கதையே வேறு.

கோட்டை வாசலைத் தாண்டும்போது நீ சின்னப் பிள்ளையில் தடவிப் பார்க்கிற மீன் செதுக்கல் கல்லில் இன்னும் தெரிகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை உடைத்து, அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை அல்லவா! உள்ளே போனால் வழமைபோல மான்கள். விடியற்காலையில் ஆலமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். மேலே குரங்குகள் இலையைப் பாதி தின்று பாதியைக் கீழே போட, புள்ளிமான்கள் எழும்பிப் போய்ப் பொறுக்கும். குரங்கு எதையாவது கண்டு கத்தினால் மான்களின் காதெல்லாம் ஒரே பக்கம் திரும்பும். இவ்வளவு காலமும் இதை நான் கவனித்ததில்லை.

ஒரு கவலையும் உண்டு. சனம் சாப்பாட்டுப் பார்சலைக் கொட்டிவிட்டுப் போக, உப்பு ருசிக்கு மான் ஷொப்பிங் பையோடு சேர்த்துத் தின்கிறது. வயிற்றில் பொலித்தீன் அடைத்துச் செத்த மான்களைப் பற்றி நீயும் பேப்பரில் படித்திருப்பாய். வலது கொம்பு வளைந்த ஒரு கலைமானை மாசியிலிருந்து காணவில்லை. டவுன் பக்கம் போயிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம்.

சரி, மலைக்கு வருகிறேன். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் 300 அடிக்கு மேல் நேரே கீழே. இராவணன் வாளால் வெட்டியது என்று உனக்குச் சொன்ன கதையை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் பைனாகுலரால் பார்த்தால் பாறை முழுக்க அதே போக்கில் சின்னச் சின்ன வெடிப்புகள் ஓடுவது தெரிகிறது. அப்படி ஒரு வெடிப்பை அலை உள்ளே புகுந்து புகுந்து அகலமாக்கியிருக்கும் என்பது என் எண்ணம். அலை மோதுகிற சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் மேலே வந்து சேரும். பாறை முகத்தில் உழவாரன் குருவிகள் அந்த உயரத்துக்கும் கூசாமல் அம்பு மாதிரிப் பாயும். வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று எங்கள் காலுக்குக் கீழே பறக்கிறது. ஒரு கழுகின் முதுகை மேலிருந்து பார்ப்பதற்கு இந்த வயதில்தான் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒன்று நேரே எழும்பி நின்று கலைந்தது. படகுப் புகை என்று நினைத்தேன். பூ விற்கிற பெடியன்தான் சிரித்தான்: "ஐயா, அது திமிங்கிலம். வருசா வருசம் வாறது." அவனுக்கு எத்தனை வயது என்று நினைக்கிறாய்? பதினைந்து இருக்கும்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. நீளம் முடியவில்லை, மகள். கடைசியில் முள் மாதிரி ஒரு சின்னச் செட்டை, பிறகு வால் முழுதாக மேலே எழும்பி, தண்ணீர் வடிய, சத்தமில்லாமல் இறங்கியது. நீலத் திமிங்கிலம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு நிமிடம் கழித்து மறுபடி மூச்சு விட்டது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்ல, அவள் பிரஷர் மருந்தைப் போட்டாயா என்று கேட்கிறாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக்குடாவிலிருந்து கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. வெளியே போகப் போக ஆழம் 3,000 மீட்டரையும் தாண்டும். மற்ற ஊரில் ஆழ்கடலுக்குப் படகில் நெடுந்தூரம் போக வேண்டும். எங்களுக்கு அது மலையடிக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் கரையில் நின்றே இவற்றைக் காண முடிகிறது. நீலத் திமிங்கிலம் என்றால் இரை தின்னக் குளிர்கடலுக்குப் போகும், சூடான கடலில் பெரிதாகத் தின்னாது என்றுதான் படிப்பித்தார்களாம். எங்கள் நாட்டுக் கடல் விஞ்ஞானி ஆஷா டி வொஸ் 2003இல் இலங்கைக் கடலில் திமிங்கிலத்தின் சிவப்புச் சாணத்தைக் கண்டாராம். தின்னாத பிராணி எப்படிச் சாணம் போடும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் இங்கேயே இவை இரை தேடுகின்றன என்ற ஆராய்ச்சி தொடங்கியது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. சாணத்தைக் கண்டு சந்தோசப்பட்ட விஞ்ஞானி!

இப்போது நானும் கொஞ்சம் தேறிவிட்டேன். மூச்சு நேரே உயர்ந்தால் நீலம். முன்னுக்கு இடப்பக்கம் சரிந்து குட்டையாக வந்தால் அது எண்ணெய்த் திமிங்கிலம், அதற்கு மூக்குத் துளை ஒன்றுதான், அதுவும் இடப்பக்கம். இறங்கினால் முக்கால் மணித்தியாலமும் வராது, வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

நீ மார்கழி லீவுக்கு வருவதாகச் சொன்னாய். அப்போது வாடை. கடல் குமுறும், மழை மூட்டத்தில் மலைமுனையே தெரியாது. கனடாவில் மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு என்று பேரன் சொன்னான், முடிந்தால் அதற்கு வாருங்கள். அவனுக்குத் தொப்பி கொண்டு வா. பாறை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் அம்மா சொல்லிவிடுவாள். பைனாகுலரின் முன் மூடி ஒன்றைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. கடித்துப் பார்த்துவிட்டுக் கடலுக்குள் எறிந்தது. புதிதாக வாங்கி அனுப்பாதே, அம்மா ஒரு துணிப்பை தைத்துத் தந்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா