பெயர் தெரியாத அந்த மதாமுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த முக்கால்வாசிப் பேர் சொல்லியிருப்பீர்கள், அதனால் லியோன் ஆஸ்பத்திரியில் கழிந்த ஆறு வாரத்தை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை, எழுதத் தெம்பும் இல்லை. கழுத்துப் பட்டை இன்னும் இரண்டு மாதம் இருக்க வேண்டுமாம். தலையை நிமிர்த்தக் கூடாது, குனியக் கூடாது, திருப்பக் கூடாது. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். திட்டு விழ ஆரம்பித்த அன்றுதான் எனக்கு உயிர் வந்தது.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. ஒவ்வொருவராகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிட்டு அடுத்த கல்யாணத்தில் மாட்டிக்கொள்வேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்து, டாக்டர் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்கியவர்களுக்கு, பாரிசிலிருந்து ரயிலில் ரசப்பொடியும் புழுங்கல் அரிசியும் கொடுத்தனுப்பியவர்களுக்கு, முன்பின் தெரியாத எங்கள் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு விடுமுறைக்குப் போன லியோன் குடும்பத்துக்கு, புதுச்சேரியில் மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்தவர்களுக்கு, மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களுக்கு, இரண்டையும் செய்த எதிர்வீட்டு அக்காவுக்கு, போனில் பேச்சே வராமல் அழுத என் தம்பிக்கும்கூட. ராத்திரி ஷிப்டு நர்சுகளுக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது, இது அவர் கண்ணில் படப்போவதும் இல்லை. பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அம்மாவை நடக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். லியோனிலிருந்து பாரிஸ் வரும் வழியில் அந்த முதல் ஒன்றரை மணி நேரம் முடிகிற இடம் பர்கண்டியில் உள்ள போன் என்கிற ஊர். (ஆமாம், பெயரே போன். "போனில் இருக்கிறோம்" என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன், "தெரியுதே, போன்லதானே அனுப்புற" என்று பதில் வந்தது.) சுங்கச் சாலை ஓரத்து ஓய்விடத்தில் நடப்பதைவிட ஊருக்குள் போய் நடக்கலாமே என்று என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பினார். அங்கே இருப்பது ஓத்தேல்-தியூ, அந்தக் காலத்து ஏழைகள் ஆஸ்பத்திரி. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், "ஓட்டலா? இட்லி கிடைக்குமா?"

போஸ்ட்கார்டில் எல்லாம் வரும் இடம் அது. முற்றத்தைச் சுற்றி சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று பளபளக்கும் ஓடுகளைப் பாய் பின்னிய மாதிரி வேய்ந்த கூரை. வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவால் முடியாது. "நீங்க எல்லாரும் கூரையப் பாருங்க, நான் உங்க தொண்டையப் பாக்கறேன்" என்றாள். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த முதல் நாளே இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டி வந்தேனே என்று என்மேலேயே எரிச்சல்.

அங்கிருந்து ஏழைகளின் கூடத்துக்குள் போனோம். கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. ஒரு பெரிய தோணியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி மரக்கூரை. இரண்டு பக்கச் சுவரோரமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்தில் இரண்டு பேர் படுத்திருப்பார்களாம். பாதி தூரம் நடந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணெதிரே இத்தனை கட்டில் இருந்தும் உட்கார ஓர் இடம் இல்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு. நான் சுற்றும் முற்றும் பார்ப்பதற்குள், மூலையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க மதாம் ஒருவர் எழுந்து, தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் போட்டார். நன்றி சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

அதோடு முடிந்திருந்தாலே நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்தார். அம்மாவின் கழுத்துப் பட்டையைக் காட்டி, மேலே பார்க்க முடியாதா என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். தோளில் மாட்டியிருந்த பையைத் துழாவி, உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார், பிளாஸ்டிக் விளிம்பு ஒரு பக்கம் உடைந்தது, பவுடர் வாசனை அடித்தது. அதை அம்மா கையில் கொடுத்தார்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பொட்டுதான் கோணியிருக்கிறது போல என்று அவசரமாகச் சரிசெய்தாள். மதாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவின் முழங்கையைத் தன் கையால் தாங்கி, கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, மணிக்கட்டைக் கொஞ்சமாகச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

"ஐயோ, யாளி!"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூரையைக் குறுக்கே தாங்கும் உத்திரங்கள் ஒவ்வொன்றும் சுவரில் தொடங்கும் இடத்தில் ஒரு டிராகன் தலை இருக்கிறது, மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது, உத்திரம் அதன் வாயிலிருந்துதான் வருகிறது. நம் ஊர்க் கோவில்களில் மகரத்தின் வாயிலிருந்து தோரணம் கிளம்புமே, அதேபோல. விழுங்குகிறதா கக்குகிறதா என்று அம்மா கேட்டாள். மொழிபெயர்த்தேன். மதாம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது அன்றைய நாளைப் பொறுத்தது என்றார். "ஜுரம் இருந்தா விழுங்கும், விட்டா கக்கும்" என்று அம்மா தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு பேரும் என்னை மறந்தே போனார்கள். மதாம் மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். உத்திரங்களின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன முகங்கள், அந்தக் காலத்து ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலியாகச் செதுக்கியவையாம், பக்கத்திலேயே விலங்குத் தலைகள் வேறு. "இவன் கடன்காரன். இது நம்ம பெரிய மாமா." நான் எந்த முகத்தையும் கவனிக்கவில்லை. எனக்குக் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூடத்தின் கிழக்குக் கோடியில் சிற்றாலயம். தனிக் கட்டடம் இல்லை, அதே கூடம்தான், நடுவில் வெறும் மரத் தடுப்பு. கட்டிலை விட்டு எழ முடியாதவர்களும் படுத்தபடியே பூசையைப் பார்க்க வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். 1443-இல், போரும் பஞ்சமும் அந்தப் பக்கத்தைச் சூறையாடியிருந்த நேரத்தில், பர்கண்டி கோமகனின் சான்சலர் நிக்கொலா ரோலனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் இதை நிறுவினார்கள். 1452 ஜனவரி 1 அன்று முதல் நோயாளி வந்தார், 1971 வரை இங்கே நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். பீடத்துக்கு மேலே இருந்தது ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த கடைசித் தீர்ப்பு, கதவு வைத்து மூடித் திறக்கிற பலகை ஓவியம், இப்போது வேறு அறையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வார நாட்களில் அதன் கதவுகள் மூடியே இருக்குமாம், வெளிப்பக்கம் செபஸ்தியாரும் அந்தோணியாரும் கல் சிலை மாதிரியே சாம்பல் நிறத்தில், உண்மையில் அது வெறும் ஓவியம். ஞாயிற்றுக்கிழமையும் திருநாளிலும்தான் திறப்பார்களாம், அப்போதுதான் பொன்னும் சிவப்பும். தராசு பிடித்து நிற்கும் மிக்கேல் சம்மனசின் (தேவதூதரின்) கையில் பாவத் தட்டுதான் தாழ்ந்திருக்கிறது. நரகத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போக ஒரு பேய்கூட இல்லை, மனிதர்கள் தாங்களாகவே விழுகிறார்கள். நோயாளிக்கு முன்னால் இப்படி ஒரு படமா என்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு வரவில்லை. "வாரம் பூரா சாம்பல், ஞாயித்துக்கிழமை கலர். காத்திருக்க ஒண்ணு இருந்துச்சே அவங்களுக்கு" என்றாள்.

ஆறு வாரம் அம்மாவுக்கு மேலே இருந்தது வெள்ளைச் சதுரங்கள். ஒரு சதுரத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணியிருக்கிறாளாம், அன்றுதான் சொன்னாள். தினமும் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று குனிந்து பேசினேன், தலையணையைச் சரிசெய்தேன், ஒரு நாள்கூட அண்ணாந்து அவள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கவில்லை. அந்த மதாமுக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றியது எனக்கு நாற்பது நாளில் தோன்றவில்லை. இனி யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால், ஆப்பிளை மேசைமேல் வைத்ததும் முதல் வேலையாக அவர்கள் கண் இருக்கும் உயரத்தில் உட்கார்ந்து அவர்களுக்குத் தெரிவதைப் பார்ப்பேன். உங்கள் முன்னால் சொல்லி வைக்கிறேன், மறந்தால் கேளுங்கள்.

கிளம்பும்போது மதாம் கிறிஸ்துவின் பெரிய மரச்சிலை ஒன்றைக் காட்டினார், 15-ஆம் நூற்றாண்டுக் கருவாலி மரம். சிலுவையில் இல்லை, உட்கார்ந்திருக்கிறார், கைகளைக் கட்டியிருக்கிறார்கள், தலையில் முள்முடி, அடுத்தது என்ன என்று காத்திருக்கும் முகம். அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினதும் நேராகவே தெரிந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் உக்கார வச்சிருந்தாங்க" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மதாம் எப்படியோ புரிந்துகொண்டு அம்மாவின் தோளில் கை வைத்தார்.

அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் சின்ன வயதில் க்ளூனி கன்னியரிடம் எம்ப்ராய்டரி கற்றபோது காதில் விழுந்ததுதான். அந்தச் சபையைத் தொடங்கிய ஆன்-மரி ழவுஏ 1779-இல் பிறந்தது இதே மாவட்டத்தில், பெயர் வந்த க்ளூனியும் பர்கண்டிதான். "க்ளூனி, பொந்திஷேரி, மா மேர்" என்று தன்னைக் காட்டி ஊசி நூல் கோர்ப்பது போல ஜாடை செய்தாள். மதாம் தரையைக் காட்டினார். குனிய முடியாதே, மறுபடி கண்ணாடி, இந்த முறை கீழ்ப்பக்கம் சாய்த்து. தரை ஓடுகளில் நிக்கொலாவின் முதல் எழுத்தும் கிகோனின் முதல் எழுத்தும் பின்னிக்கொண்டு, கூடவே ஒரு நட்சத்திரம், "ஸல்" என்று ஒரே சொல். நீ ஒருத்திதான் என்று மனைவிக்கு அவர் சொன்னது. ரோலன் 1462-இல் இறந்த பிறகும் கிகோன் நோயாளிகளோடு இருந்து, 1470-இல் இறந்து, அந்தச் சிற்றாலயத்திலேயே அடங்கியிருக்கிறாள். "எம்ப்ராய்டரி பாட்டர்ன் மாதிரியே இருக்கு" என்பதுதான் அம்மாவின் தீர்ப்பு.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபோது மதாம் வாங்கவில்லை. இரண்டு மாதத்துக்குத் தேவைப்படும் என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார். பட்டை கழன்றதும் போவதாக இருக்கிறோம், முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, பெயரையும் கேட்டுவிட்டு வரவேண்டும்.

அதுவரை அது எங்கள் வீட்டு சோபாவில் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்துகிறாள், சாம்பார் பொங்குது, அடுப்பைக் குறைடி.