மருந்து தெளிப்பதற்கு முன் படிக்கவும்

நண்பர்களே, பூ விரிந்திருக்கும் பயிரில் பகலில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், பூவுக்கு வரும் தேனீக்கள் செத்துப்போகும். தெளித்தே ஆகவேண்டும் என்றால் பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு தெளியுங்கள்; சில மருந்துகளின் நஞ்சு மறுநாளும் பூவில் நிற்கும், டப்பா மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

அப்புறம், மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீப்பெட்டி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறீர்கள், போதாது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை, அந்த இடத்தை ஆழ உழுதால் அடுத்த தலைமுறையே போச்சு. வரப்போரம் கொஞ்சம் வெற்று மண்ணை உழாமல், மூடாக்கும் (மண்ணை மூடும் இலைதழை, வைக்கோல்) போடாமல் விடுங்கள். உரத்துக்காக மடக்கி உழும் பசுந்தாள் பயிரில் ஒரு பட்டையாவது பூத்து முடியட்டும். மாடு வைத்திருப்பவர்கள் நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிட்டால், ஏதாவது ஒரு பக்கம் தேனீக்களுக்குப் பூ இருக்கும்.