ஜூலியன் பாண்டும் அவரை அனுப்பிய தொகுதி மக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களப்பணியாளர்கள் தேர்தல் அரசியலுக்கு வருவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஜூலியன் பாண்டுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. வியட்நாம் போரை எதிர்த்ததற்காக அவை அவருக்கு இடம் மறுத்ததையும், உச்ச நீதிமன்றம் அந்த இடத்தை மீட்டுத் தந்ததையும் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பாண்டுக்கு வாக்களித்த மக்களை அந்தப் பத்தியில் எங்கும் காணவில்லை என்பதே என் மனக்குறை.

1960 மார்ச்சில், அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி மாணவராக இருந்தபோது, நகராட்சிக் கட்டடத்துச் சிற்றுண்டிச்சாலையில் கறுப்பினத்தவருக்கு உணவு மறுக்கப்படுவதை எதிர்த்து உட்கார்ந்து கைதானவர் பாண்ட். மறுமாதம் உருவான மாணவர் அறவழி ஒருங்கிணைப்புக் குழுவில் சேர்ந்து, படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, அதன் செய்தித் தொடர்புப் பணியைப் பல ஆண்டுகள் கவனித்தார். 1965இல் நீதிமன்ற உத்தரவின்படி தொகுதிகள் திருத்தி வரையப்பட்டபோது, அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் மிகுந்த 136ஆம் தொகுதியில் நின்றார். வீடு வீடாகச் சென்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி உள்ளிட்ட கோரிக்கைகளோடு அவர் வாக்குக் கேட்டார். 2,320 பேர் அவருக்கு வாக்களித்தனர், எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்தவை 487.

1966 ஜனவரி 10 அன்று பதவி ஏற்கச் சென்றவரை 184க்கு 12 என்ற வாக்குக் கணக்கில் அவை வெளியே நிறுத்தியது. நான்கு நாட்களுக்கு முன் அவருடைய அமைப்பு வெளியிட்ட போர் எதிர்ப்பு அறிக்கையை அவர் எழுதவில்லை. வானொலிச் செய்தியாளர் ஒருவர் கேட்டபோது அதை ஏற்பதாகச் சொன்னார், அவ்வளவுதான். உறுதிமொழி எடுக்க அவர் ஆயத்தமாகவே இருந்தும், அதை அவர் மனமார எடுக்க முடியாது என்று மற்ற உறுப்பினர்களே முடிவுகட்டினர்.

கட்டுரை விட்டுவிட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்று நீதிபதிகள் கொண்ட கீழமை நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அவையின் பக்கம் நின்றது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே ஆளுநர் இடைத்தேர்தலை அறிவித்தார். மக்கள் அதே பாண்டை மறுபடியும் தேர்ந்தெடுத்தனர். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்று அவர் மறுத்ததால் இரண்டாம் முறையும் கதவு சாத்தப்பட்டது. நவம்பர் 8ஆம் நாள் பொதுத் தேர்தலிலும் அவரையே மிகப் பெரும் வாக்கு வேறுபாட்டில் வெற்றிபெறச் செய்தனர். அத்தனை மாதங்களும் தங்களுக்காகப் பேச அவையில் ஆளில்லாத நிலையை, வேறொருவரை அனுப்பி முடித்துக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. கூலி உயர்வும் குடியிருப்பும் அன்றாடக் கவலையாக இருந்த ஒரு தொகுதி, அந்த வாய்ப்பை ஏற்காமல் காத்திருந்ததை நான் சிறிதும் எளிதாக எண்ணவில்லை. டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பும், பாண்டின் பேச்சுரிமையோடு நின்றுவிடவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்தவர் வழியாக விவாதங்களில் பங்குபெறும் மக்களின் நிலையையும் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அதில் எடுத்துக் கூறியிருக்கிறார்.

1986இல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்கான போட்டியில், மாணவர் காலத் தோழரான ஜான் லூயிஸிடம் அவர் தோற்றதைக் கட்டுரையாளர் ஒரு வீழ்ச்சியாகக் காண்கிறார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக அமையும்படி அந்தத் தொகுதியை வரைய வேண்டும் என்று மாநில மேலவையில் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் பாண்ட். தாம் வாதாடிப் பெற்ற தொகுதியில் தாம் தோற்றது அவருக்கு வலித்திருக்கும். ஆனால் அத்தொகுதி மக்களுக்கு அது இழப்பாகவில்லை.

இந்தக் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதிகளில் எந்த உறுப்பினரைப் பற்றி எழுதினாலும், அவரை அனுப்பியவர்கள் யார், அவரிடம் என்ன கேட்டு அனுப்பினார்கள் என்பதற்கும் சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி