இலை, பூ, காய்: இந்தப் பருவத்தின் அறிவியல் பாடம் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அடுத்த சில வாரங்கள் அறிவியலில் இலை, பூ, காய் ஆகியவற்றின் அமைப்பும் வேலையும்தான் பாடம். அதை நடத்தும் முறையை இந்தமுறை மாற்றியிருக்கிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஒரு பூவை இதழ் இதழாகப் பிரித்துத் தாளில் பரப்பினால், அது வீட்டுப்பாடம்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே முன்கூட்டி எழுதுகிறேன்.

பூவின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் கையிலேயே நிஜப் பூ ஒன்றைக் கொடுத்து, "இதில் சூற்பை எங்கே இருக்கிறது?" என்று, அதாவது பின்னால் காயாகப்போகும் பாகம் எது என்று, கேட்டால் விழிக்கிறார்கள். பாடநூல் படத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது எந்த ஒரு செடியின் பூவும் அல்ல, பல பூக்களுக்கும் பொதுவானதைச் சேர்த்து வரைந்தது. அதைமட்டும் பார்த்துப் படித்த பிள்ளைக்கு உண்மையான பூ அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை. எனவே இந்தப் பருவத்தில் முதலில் செடி, அப்புறம்தான் படம்.

இலையிலிருந்து தொடங்குகிறோம். ஓர் இலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே முதல் கேள்வி. வேப்ப மரத்தில் இலை என்று நாம் ஒவ்வொன்றாகக் கிள்ளுவது உண்மையில் சிற்றிலை. நடுவில் ஓடும் ஈர்க்கும், அதன் இருபுறமும் நிற்கும் சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஓர் இலை. முருங்கையில் முழ நீளத்துக்குக் கிளை பிரிந்து நிற்கும் கொத்து முழுவதும் ஒரே இலை. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செடியே காட்டிக்கொடுக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. அந்த மொட்டைத் தேடத் தெரிந்த பிள்ளை எந்த மரத்தடியில் நின்றாலும் இலை எது, சிற்றிலை எது என்று சொல்லிவிடும்.

இலைத்துளைகளுக்கு, அதாவது காற்றும் நீராவியும் போய்வரும் மிகச் சிறிய துளைகளுக்கு, ஒரு சோதனை வைத்திருக்கிறோம். அப்போதுதான் பறித்த தடித்த இலை ஒன்றை வெந்நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழிகளாக வெளியேறும். பெரும்பாலான மரங்களின் இலையில் குமிழிகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம் வரும். துளைகள் அங்கேதான் நிறைந்திருக்கின்றன. நேரடி வெயில் படாத பக்கம் என்பதால் அங்கே நீர் இழப்பு குறைவு. நீரில் மிதக்கும் அல்லி இலையில் இது தலைகீழ்: அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு துளையையும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் காக்கின்றன. அவற்றில் நீர் ஏறினால் துளை திறக்கும், நீர் குறைந்தால் மூடிக்கொள்ளும். திறந்தால்தான் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். ஆனால் அதே வழியாக நீராவியும் போய்விடும். வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் பெரும்பாலான செடிகள் இப்படித்தான் இழக்கின்றன. உணவு வேண்டும், நீரையும் காக்க வேண்டும் என்ற இந்த இழுபறியைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால், கள்ளியின் இலைகள் ஏன் முள்ளாயின என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள்.

குமிழி என்றதும் இன்னொன்றும் வகுப்பில் வரும். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழிகள் விடுவதையும் இருட்டில் அது நின்றுபோவதையும் பதிவு செய்தார். அதற்குக் காரணம் வெயிலின் சூடு அல்ல, ஒளி என்றும் காட்டினார். அந்தக் குமிழி ஆக்சிஜன். வெந்நீரில் வருவதோ இலைக்குள் ஏற்கெனவே இருந்த காற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் வேறு. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் விளக்கினால் நான் மிகவும் மகிழ்வேன்.

பூவுக்குச் செம்பருத்தியை எடுத்துக்கொள்கிறோம். ஒற்றை அடுக்குப் பூவாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்போல் மாறியிருப்பதால் முதல்முறை பார்க்கும் பிள்ளை குழம்பிவிடும். அடியில் பச்சையாக ஐந்து பிரிவுகளோடு புல்லிவட்டம், மொட்டாக இருந்தபோது உள்ளே இருப்பதைக் காத்தது அதுதான். அதை அடுத்து ஐந்து அல்லி இதழ்கள். நிறம் காட்டிப் பறவையையும் பூச்சியையும் வரவழைப்பது அவற்றின் வேலை. நடுவில் நீண்டு நிற்கும் குழலைத்தான் பலர் ஒரே உறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது மகரந்தத்தாள்களின் கம்பிகள் ஒன்றாக இணைந்து உண்டான குழல். அதன்மேல் சிறு காம்புகளில் மகரந்தப்பைகள் மஞ்சளாக நிற்கும். விரலால் தொட்டால் மகரந்தம் மணி மணியாக ஒட்டும். குழலின் நுனியைத் தாண்டி வெல்வெட்போல ஐந்து சின்னக் குமிழ்கள் தெரியும், அவை சூல்முடிகள். இப்போது அந்தக் குழலை நகத்தால் நீளவாக்கில் மெதுவாகக் கீற வேண்டும். உள்ளே மெல்லிய நூலாகச் சூல்தண்டு ஓடுவது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் இதழ்கள் சேரும் இடத்தில் பச்சை நிறச் சூற்பை. குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள், அவற்றுக்குள் வெள்ளைப் புள்ளிகளாகச் சூல்கள்.

சூல்முடியில் விழும் மகரந்தத்துக்கும் விதைக்கும் தொடர்பு உண்டு என்பதுகூட மனிதர்கள் சோதித்து அறிந்ததுதான். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ருடால்ஃப் கமராரியஸ், ஆமணக்கின் ஆண் பூக்களை, அதாவது மகரந்தம் தரும் பூக்களை, விரியும் முன்பே நீக்கிப் பார்த்தார். முளைக்கக்கூடிய விதை உண்டாகவில்லை. 1694இல் இதை எழுதி வெளியிட்டார். பெரிய கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காய்க்கு வருவோம். தோட்டத்துச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை, அதனால் அதே குடும்பத்து வெண்டையிடம் போகிறோம். வெண்டைப் பூவிலும் அதே குழல் இருக்கும். காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள், சில வகைகளில் கூடுதலாகவும் இருக்கும். செம்பருத்திப் பூவில் பார்த்த சூற்பையின் அமைப்பு இங்கே பெரிதாகக் கண்முன் நிற்கும். கருவுற்ற பின் சூற்பை கனியாகிறது, சூல் விதையாகிறது என்ற பாடநூல் வரிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பட்டாணிக் காயும் நன்றாக உதவும். காம்புப் பக்கம் வாடிய புல்லிவட்டம், மறுநுனியில் காய்ந்துபோன சூல்தண்டு, திறந்தால் ஒரே விளிம்பில் வரிசையாக ஒட்டிய விதைகள். இடையிடையே வளராமல் நின்றுபோன சின்னஞ்சிறு சூல்களும் இருக்கும். அவற்றையும் எண்ணச் சொல்லுங்கள்.

தாவரவியலில் கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாமே கனிகள்தான். மாங்காயின் தோல், சதை, கொட்டையின் ஓடு ஆகிய மூன்றும் சூற்பைச் சுவர் உண்டாக்கிய அடுக்குகள், விதை அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. தேங்காயிலும் இதே மூன்று அடுக்குகள் உண்டு. மாவின் நடு அடுக்கு விலங்குகளை ஈர்க்கும் சதையானது, தென்னையின் நடு அடுக்கு கடலில் மிதக்க உதவும் நாரானது. முந்திரி இதற்கு விலக்கு: பழம் என்று நாம் சொல்வது பருத்த பூக்காம்பு, உண்மையான கனி அதன் நுனியில் தொங்கும் கொட்டை. அந்தக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், ஆகவே பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் உடைக்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது சில விஷயங்கள்தான். படத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், நீங்களும் வரைந்து கொடுக்காதீர்கள். பிள்ளை தன் பூவைப் பார்த்துக் கோணலாக வரைந்தாலும் அதற்கே மதிப்பெண் உண்டு. பாடநூல் படத்திலிருந்து அது மாறுபட்டிருந்தால், மாறுபட்டதைத் தன் பூவில் காட்டினால் போதும். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியல, பிரிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

கத்தியால் வெட்டும்போதும் வெந்நீர்ச் சோதனையின்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அரளி, ஊமத்தை, எருக்கு ஆகியவை நச்சுத் தன்மை கொண்டவை, அவற்றைப் பறிக்க வேண்டாம். எந்தச் செடியைத் தொட்டாலும் முடித்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியருக்கு இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பினால், அவர்களுக்கு இலையையும் காயையும் வைத்தே பாடத்தை அமைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்