'மரம்' என்றால் இரண்டு கைதட்டல்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்விப் பக்கக் கட்டுரையில், 'மரம்' என்ற சொல்லுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு முறை கைதட்ட வைத்த டீச்சருக்கு அசை பிரிக்கவே தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், 'மரம்' ஒரே அசைதான்; நிரையசை என்பார்கள். தாங்கள் அறியாததல்ல, எங்களுக்கும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை வெண்பா எழுத வரவில்லை. அதன் வாயில் ம-ரம் என்று இரண்டாகத்தான் விழுகிறது. அதைத்தான் அந்த டீச்சர் தட்ட வைத்தார்.

என் வகுப்பில் ஒரு சிறுமி 247 எழுத்தையும் ஒப்பிப்பாள். 'பட்டம்' என்று பலகையில் எழுதினால் "ப, இட், ட, இம்" என்று கூட்டிவிட்டு, அதற்கு மேல் போகத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னேன். பட்-டம். தாடை இரண்டு தடவை இறங்கிக் கையில் இடித்தது. "ரெண்டு, டீச்சர்!" என்றாள். புள்ளி எழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அப்புறம்தான் அவளுக்குப் பிடிபட்டது.

இதையே எல்.கே.ஜி.யில் ஆங்கிலத்துக்குச் செய்தால், ஒலியை வைத்து வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் என்று தனிக் கட்டணம் கட்டுகிறார்கள். தங்கள் இதழும் பாராட்டி எழுதியது. அரசுப் பள்ளியில் தமிழுக்குச் செய்தால் அறியாமையா? பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது அட்டைகளை அடுக்கினோம். 2022-இல் சிறு வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்ததும் செயலியில் விவரம் ஏற்றினோம். பாடம் நடத்தும் நேரம் அதிலேயே போனதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் மட்டும் பழி எங்கள் தலையில்.

சரி, கேட்பது ஒன்றுதான். தங்கள் சிறுவர் பக்கத்தில் வரி முடியும் இடத்தில் 'ப' நின்று, அடுத்த வரி 'ட்டம்' என்று தொடங்குகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேயே தடுக்கி நிற்கிறது. அந்த ஒரு பக்கத்திலாவது புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்காமல் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.