ஏக்கர் கணக்குல நிலம் வாங்குற டெக்ஸாஸ் தமிழ் குரூப்புகளுக்கு: ஒரு தடவ கோர்ட்டுக்கு நேர்ல போய்ட்டு வாங்க

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் நில குரூப் நடத்துற அட்மின்களுக்கும், அதை நம்பி காசு போடுற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

யாரையும் குத்திக்காட்ட எழுதல. நானும் உங்கள்ல ஒருத்தன் தான். போன வருஷம் எட்டு பேர் சேந்து எல்எல்சின்னு ஒரு கம்பெனி போட்டு 22 ஏக்கர் வாங்கறதா இருந்தோம், டல்லாஸ்ல இருந்து ரெண்டு மணி நேரம், ரோட்டு மேல இடம், பக்கத்துல ஏரி வேற, ட்ரோன் வீடியோ பாத்ததுமே எல்லாருக்கும் மனசு அங்க போயிடுச்சு. குரூப்ல ஒருத்தர் "டாக்குமென்ட் கிளியரா"ன்னு கேட்டதுக்கு வந்த பதில் ரெண்டு ஸ்கிரீன்ஷாட். ஒண்ணு சொத்து வரிக்கு மதிப்பு போடுற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சைட்ல ஓனர் பேரு இருக்குற பக்கம், இன்னொண்ணு ஏதோ ஒரு கோர்ட் ரெக்கார்ட் சைட்ல விக்கிறவர் பேர போட்டு தேடி "ரிசல்ட் ஒண்ணும் இல்ல"ன்னு வந்த பக்கம். கீழ பதினஞ்சு கட்டைவிரல். முடிஞ்சுது.

எங்கப்பா மேலூர் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கறதுக்கே மூலப்பத்திரத்த கேட்டு, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, வாரிசு சர்டிஃபிகேட்ட ஒவ்வொரு பேரா விரல் வச்சு படிச்சு, அதுக்கப்பறமும் பக்கத்து காட்டுக்காரர்ட்ட டீக்கடைல உக்காந்து அரை மணி நேரம் பேசிட்டு தான் அட்வான்ஸ் குடுத்தார். அவர் பையன் நான் ஒரு ஸ்கிரீன்ஷாட்ட பாத்துட்டு ஆளுக்கு 10,000 டாலர் அனுப்ப ரெடியா இருந்தேன். அப்ரைசல் சைட்ல பேர் இருக்கறது வரி பில்ல யாருக்கு அனுப்பணும்னு பாக்குறதுக்கு தான்யா, வீட்டு வரி ரசீத காட்டி வீடு என்னதுன்னு சொன்னா நம்ம ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?

அந்த "ரிசல்ட் இல்ல" விஷயத்துக்கு வரேன், ஏன்னா எல்லாரும் சறுக்குற இடம் அது தான். டெக்ஸாஸ்ல 254 கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொண்ணும் ரெக்கார்ட தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கு. பெரிய கவுண்டில எல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும், அதையே பாத்து பழகிட்டு சின்ன கவுண்டியும் அப்படி தான்னு நினைச்சிக்கிறோம். சிவில் கேஸ கட்டாயமா ஈ-ஃபைலிங்ல தான் போடணும்னு 2014ல பெரிய கவுண்டில ஆரம்பிச்சு படிப்படியா வந்து, 20,000 பேருக்கு கீழ இருக்குற கவுண்டிக்கு 2016 ஜூலை 1 அன்னிக்கு தான் அது வந்துச்சு. அதுக்கு முன்னாடி உள்ளது பல இடத்துல பேப்பரு, மைக்ரோஃபிலிம், தடி தடி புக்கு. யாராச்சும் ஸ்கேன் பண்ணி ஏத்தியிருந்தா தெரியும், ஏத்தலன்னா தெரியாது, அவ்ளோ தான். கம்ப்யூட்டர்ல ரிசல்ட் இல்லன்னு வர்றது "என்கிட்ட இல்ல"ன்னு தான், கேஸே இல்லன்னு இல்ல.

எனக்கு அன்னிக்கு என்னமோ மனசு ஒப்பல. ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுட்டு கார எடுத்துட்டு போய்ட்டேன். ஊர் நடுவுல சதுரமா ஒரு புல்தரை, அதுல கோர்ட் கட்டடம், சுத்தி பாதி மூடுன கடைங்க. நான் போய் சேந்தது 11:50. கதவுல 12ல இருந்து 1 மணி வரைக்கும் லஞ்சுன்னு கைல எழுதி ஒட்டியிருந்தாங்க, ஒரு மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தேன். இங்க ரெக்கார்ட பாத்துக்க கவுண்டி கிளர்க்னு ஒருத்தர், டிஸ்ட்ரிக்ட் கிளர்க்னு ஒருத்தர், ரெண்டுமே எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வர்ற பதவி, ஆனா 8,000 பேருக்கு கீழ உள்ள கவுண்டில ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆளு இருக்கலாம். நான் போன எடத்துல அப்படி தான், கவுண்டர்ல ஒரே ஒரு அம்மா, கண்ணாடிய கயிறு கட்டி கழுத்துல தொங்க விட்டுட்டு.

நான் நம்ம ஸ்டைல்ல பிராப்பர்ட்டி அட்ரஸ நீட்டுனேன். அட்ரஸ் வச்சு கேஸ் தேட முடியாது, பேர் சொல்லுங்கன்னாங்க. விக்கிறவர் பேர சொன்னேன், தட்டி பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. நானும் தேங்க்ஸ் சொல்லிட்டு கிளம்புறப்போ அவங்க தான் கேட்டாங்க, இந்த நிலம் அவருக்கு யார்ட்ட இருந்து வந்துச்சுன்னு. அவங்கப்பாட்ட இருந்துன்னேன். அப்போ அப்பா பேர்ல பாக்கணும்னு சொல்லிட்டு உள்ள கூட்டிட்டு போனாங்க. இரும்பு ரேக்கு, அதுல உருளை மேல படுத்திருக்குற புக்கு, ஒண்ணொண்ணும் நம்ம கல்யாண ஆல்பம் நாலு சேந்த வெயிட்டு. புரோபேட்னா செத்தவங்க சொத்து கேஸு, அந்த இண்டெக்ஸ்ல அஞ்சே நிமிஷத்துல அவங்கப்பா பேரு கிடைச்சுது, பக்கத்துல பென்சில்ல கேஸ் நம்பர்.

ஃபைல்ல மொத்தம் நாப்பது பக்கம் இருக்கும். அப்பா உயில் எழுதாம போய்ட்டார், யார் யார் வாரிசுன்னு கோர்ட் சொல்லணும்னு 2009ல ஒரு மனு. அதுல அஞ்சு பிள்ளைங்க பேரு. எங்க அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதா இருந்தது ரெண்டு பேரு. ஃபைலோட கடைசி பேப்பர் என்ன தெரியுமா, வக்கீல் நான் இந்த கேஸ்ல இருந்து விலகிக்கறேன்னு போட்ட மனு, அதோட நிக்குது. ஆர்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. டெக்ஸாஸ்ல உயில் இல்லாம ஒருத்தர் செத்தா அந்த நேரமே சொத்து வாரிசுகளுக்கு போயிடும், ஆர்டர் வரலன்னாலும் பங்கு பங்கு தான். ரெண்டு பேர் வித்தா ரெண்டு பேர் பங்கு தான் வரும், மிச்ச மூணு பேர் நாளைக்கு வந்து பிரிச்சு குடுன்னு கேஸ் போடலாம். வேணுங்கற 14 பக்கத்த காப்பி எடுத்தேன், பக்கத்துக்கு ஒரு டாலர், 14 டாலர் ஆச்சு. சீல் போட்ட சர்டிஃபைடு காப்பின்னா அதுக்கு 5 டாலர் கூட, எனக்கு தேவைப்படல.

குரூப்ல போட்டதும் ஒருத்தர் "டைட்டில் கம்பெனி எப்படியும் கண்டுபிடிச்சிருக்கும், எதுக்கு பதட்டம்"னாரு. டைட்டில் கம்பெனின்னா பத்திரத்த அலசி பாத்து இன்ஷூரன்ஸ் குடுக்குறவங்க, அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்க, இல்லங்கல. ஆனா டைட்டில் கமிட்மென்ட், அதாவது எந்த கண்டிஷன்ல இன்ஷூரன்ஸ் தருவோம்னு அவங்க அனுப்புற பேப்பர், வர்றதுக்கு முன்னாடியே புரோமோட்டர் கேட்ட ரீஃபண்ட் கிடையாத பணம் போயிருக்குமே, அத யார் தருவா? அந்த கமிட்மென்ட் வந்தா தான் எத்தன பேர் படிக்கிறோம், ஷெட்யூல் பி-ல இதுக்கெல்லாம் நாங்க பொறுப்பு இல்லன்னு வரிசையா போட்டிருப்பான், எல்எல்சில பங்கு போட்ட ஆளுக்கு அந்த பக்கம் கண்ணுக்கே வராது.

அட்மின்களுக்கு என் வேண்டுகோள் இது தான், பணம் கலெக்ட் பண்றதுக்கு முன்னாடி குரூப்ல ஒருத்தர அனுப்புங்க. போறவங்க விக்கிறவர் பேரு மட்டும் இல்லாம அவருக்கு வித்தவர், அவங்கப்பா அம்மா, பொண்டாட்டி பேரு வரைக்கும் எழுதிட்டு போங்க, பழைய இண்டெக்ஸ்ல பொண்டாட்டி பேர போடாம "எட் அக்ஸ்"னு லத்தீன்ல முடிச்சிருப்பான், மனைவியும்னு அர்த்தம். பத்திரம், லிஸ் பெண்டன்ஸ் (நிலத்து மேல கேஸ் நடக்குதுன்னு பதிவு பண்ற நோட்டீஸ்), புரோபேட் இதெல்லாம் கவுண்டி கிளர்க்ட்ட. நிலத்தகராறு, டைவர்ஸ், வரி கட்டாத கேஸ் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்ட்ட. ஒரு எடத்துல இல்லன்னா இன்னொரு கவுண்டர்லயும் கேளுங்க. அப்ஸ்ட்ராக்ட்ங்கற வார்த்தைல குழம்பிடாதீங்க, அப்ஸ்ட்ராக்ட் நம்பர்னா நம்ம சர்வே நம்பர் மாதிரி, அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்னா கடன் தீர்ப்பு, விக்கிறவர் மேல அப்படி ஒண்ணு பதிவாகியிருந்தா அந்த கவுண்டில அவருக்கு இருக்குற நிலத்து மேல, வீடு மாதிரி விலக்கு உள்ளது போக, பத்து வருஷத்துக்கு உக்காந்திருக்கும். வரி ஏலத்துல வந்த விவசாய நிலம் சீப்பா வருதுன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள பழைய ஓனர் மேல காசு குடுத்து திரும்ப எடுத்துக்க முடியும், அதையும் பாருங்க. திவால் கேஸ் ஃபெடரல் கோர்ட்ல, அதுக்கு பேசர்னு ஒரு சைட்டு, பக்கத்துக்கு 10 சென்ட், மூணு மாசத்துல 30 டாலர் தாண்டலன்னா அதுவும் கேக்க மாட்டான்.

நம்மாளுங்க சிலர் உடனே ஆர்டிஐ போடலாமான்னு கேப்பீங்க. இங்க இருக்குற பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் கோர்ட்டுக்கு பொருந்தாது, அந்த கடுதாசிய நீட்டுனா பேந்த பேந்த முழிப்பாங்க. அதுக்கு அவசியமும் இல்ல, கேஸ் ஃபைல் பொதுவா யார் வேணா பாக்கலாம், ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. சட்ட விளக்கம் மட்டும் கேக்காதீங்க, அவங்க சொல்லக்கூடாது. "இந்த நிலம் வாங்கலாமா மேடம்"னு ஒருத்தர் கேட்டத நானே பாத்தேன், பாவம் அந்தம்மா. போக முடியலன்னா லெட்டர் போடுங்க, பேரு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், எந்த மாதிரி கேஸ், கூட ஸ்டாம்ப் ஒட்டுன கவரு. அனுப்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி எவ்ளோ ஆகும், செக் வாங்குவாங்களான்னு கேட்டுக்கோங்க.

அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை வேற ஒரு குரூப்புக்காக இன்னொரு சின்ன கவுண்டிக்கு போறேன். கார்ல மூணு சீட் காலி. காலைல 7 மணிக்கு பிளேனோல இருந்து கிளம்பறோம், சில்லறையா டாலர் நோட்டும், தயிர் சாதமும் எடுத்துட்டு வாங்க, அங்கயும் 12க்கு கதவ சாத்திடுவாங்கன்னு போன்ல சொன்னாங்க.